ஏஐயைத் திறப்பதற்கு முன்னால் மூன்று வரி நீங்களே எழுதுங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். கேட்டவர் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர். தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போய் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் கணக்கு, கடிதம், வசூல் எல்லாம் பார்க்கிறார். ராத்திரி குரூப் 4-க்குப் படிக்கிறார். கொஞ்ச காலமாக எல்லாவற்றுக்கும் ஏஐதான் துணை. "இப்போ ரெண்டு வரி மெசேஜ் எழுதக்கூட அதைத் திறக்க வேண்டியிருக்கு. தூக்கம் வராத ராத்திரியில மனசுல இருக்கிறதையெல்லாம் அதுகிட்டயே கொட்டுறேன். அஞ்சு மணிக்கு எழுந்திரு, நன்றி எழுது, 'என்னால் முடியும்'னு சொல்லிக்கோன்னு வீடியோவுல சொல்ற பழக்கமெல்லாம் ஆரம்பிச்சேன், ஒண்ணும் நிக்கலை. ஏஐயை விட்டுடணுமா? மனசை எப்படிச் சரியா வெச்சுக்கிறது? காசு கட்டி வாங்குற ஏஐ ஏதாவது உதவுமா?" இதுதான் அவர் கேட்டது.

தம்பி, விட வேண்டாம். எது முதல், எது அடுத்து என்பதை மட்டும் மாற்றுங்கள். முதல் யோசனை உங்களுடையதாக இருக்கட்டும், அரைகுறையாக இருந்தாலும், எழுத்துப் பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை. ஏஐ இரண்டாவது ஆளாக வந்து அதைப் பார்க்கட்டும். நான் திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறேன், இப்போது வருகிறவர்களில் பலர் ஏஐ கற்றுக்கொள்ளத்தான் வருகிறார்கள், கடை வைத்திருக்கிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், வீட்டில் இருக்கிற அம்மாக்கள் என்று. அவர்களில் ஏஐயால் முன்னேறினவர்களையும் அதனால் மந்தமானவர்களையும் பிரிக்கிற கோடு இந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதிக நேரம் பயன்படுத்துகிறவர், குறைவாகப் பயன்படுத்துகிறவர் என்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. யார் முதலில் யோசிக்கிறார் என்பதில்தான் தெரிகிறது. நீங்கள் மனசைப் பற்றிக் கேட்டதும் இதே இடத்துக்குத்தான் வந்து சேரும், கொஞ்சம் பொறுங்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். சாட்ஜிபிடியோ ஜெமினியோ, கேட்ட கேள்விக்கு அடுத்து எந்தச் சொல் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போகிறது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகியதால் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வருகிறது. தெரியாத விஷயத்திலும் அதே சரளத்தோடு, அதே தைரியத்தோடு எழுதும், அங்கேதான் ஆபத்து. இணையத்தில் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் எழுத்து மிகவும் குறைவு, அதிலும் நம் ஊர் விஷயம் இன்னும் குறைவு. அதனால் தமிழில், அதுவும் உள்ளூர் சங்கதி கேட்டால், தவறும் கூடுகிறது. இப்போது பல ஏஐகள் இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல்கின்றன, அது நல்லதுதான், ஆனால் தேடி எடுத்ததையும் தப்பாகப் புரிந்துகொண்டு சொல்வது உண்டு.

என் வகுப்பில் ஒரு பெண் 'தானே' என்ற புயலைப் பற்றி ஏஐயிடம் கேட்டாள். அது 2012 ஜனவரியில் நாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்தது என்று மூன்று பத்தி அழகாக எழுதிக் கொடுத்தது. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கடந்த புயல் அது. பண்ருட்டிப் பக்கம் பலா மரமும் முந்திரித் தோப்பும் அடியோடு சாய்ந்ததை நம் ஊரில் யார் மறப்பார்கள், அவள் வீட்டுத் தோப்பே அதில் போனதுதான். உடனே பிடித்துவிட்டாள். அவளிடம் நான் சொன்னது: "இது உனக்குத் தெரிந்த விஷயம், அதனால் பிடித்தாய். இதே ஏஐ உனக்குத் தெரியாத நூறு விஷயத்தை இதே குரலில் சொல்லியிருக்கும், அதையெல்லாம் யார் பிடித்தது?" நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, உங்கள் தெரு, உங்கள் கடைச் சரக்கு, உங்கள் ஊர்த் திருவிழா என்று எதையாவது விவரமாகக் கேளுங்கள். எவ்வளவு சரி, எவ்வளவு கதை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். மற்ற பதில்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அதுவே அளவு.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. நம் பக்கமே சாயும். மனிதர்கள் எந்தப் பதிலுக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பழக்கப்படுத்தப்பட்டது அது, மனிதர்களுக்குத் தங்களை ஆமோதிக்கிற பதில் பிடிக்கும், அவ்வளவுதான் விஷயம். 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனமே, தன் ஏஐ அளவுக்கு மீறி ஆமாம் சாமி போடுகிறது என்று ஒப்புக்கொண்டு, வெளியிட்ட சில நாளிலேயே ஒரு மேம்படுத்தலைத் திரும்பப் பெற்றது. கல்யாணத் தரகரைப் போலத்தான், மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாலும் பெண் வீட்டுக்குப் போனாலும் அந்தந்த வீட்டுக்குப் பிடித்ததைச் சொல்லும். "நான் செய்தது சரிதானே?" என்று கேட்டால் சரி என்றுதான் வரும். உங்கள் முதலாளியும் அதே சண்டையைத் தன் பக்கத்திலிருந்து எழுதிக் கேட்டால் அவருக்கும் சரி என்றே வரும்.

இப்போது உங்கள் ஆபீஸ் வேலைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளில் அதிக முறை ஏஐயைத் திறப்பது இங்கேதான்.

நெல்லித்தோப்பில் ஒரு கடைக்காரர் பாக்கி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஏஐயிடம் "பாக்கி கேட்டு ஒரு மெசேஜ் எழுது" என்கிறீர்கள். என்ன வரும்? "மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு, தங்களது நிலுவைத் தொகை தொடர்பாகத் தங்களின் கனிவான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்." பத்து வருஷமாகச் சரக்கு எடுக்கிற மனிதர் இதைப் படித்தால், என்னடா வக்கீல் நோட்டீஸ் மாதிரி வருகிறது என்றுதான் நினைப்பார். வாரம் ஒருமுறை பார்த்து டீ குடிக்கிற பழக்கம், போன தீபாவளிக்கு அவர் சொன்ன தேதியில் கொடுத்தது, இப்போது மகள் கல்யாணச் செலவில் இருப்பது, இதெல்லாம் ஏஐக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியும். அதனால் முதலில் நீங்களே எழுதுங்கள்: "அண்ணே, வணக்கம். போன மாச பாக்கி இன்னும் வரலை. கல்யாண வேலையில இருப்பீங்கன்னு தெரியும். இந்த மாசம் பாதியாவது குடுத்துட்டீங்கன்னா மீதியை அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

எழுதின பிறகு ஏஐயிடம் கொடுத்து இப்படிக் கேளுங்கள்: "இந்த மெசேஜை மாற்றாதே. இதில் என்ன விவரம் விட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் சொல்." எந்தப் பில் என்று இல்லை, தொகை இல்லை, "இந்த மாசம்" என்றால் எந்தத் தேதிக்குள் என்று இல்லை, எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று இல்லை, இப்படி ஒரு நான்கு விஷயம் சொல்லும். அது உண்மையிலேயே உதவி. நீங்கள் பில் எண்ணும் தேதியும் சேர்த்து அனுப்புகிறீர்கள், குரல் உங்களுடையதாகவே இருக்கிறது, கடைக்காரருக்கும் மனசு நோகவில்லை, பணமும் எந்தக் குழப்பமும் இல்லாமல் வரும். எழுதிக் கொடு என்று கேட்பதைவிட என்ன விட்டேன் என்று கேட்பது எப்போதும் மேல். விடுப்புக் கடிதத்துக்கும், கம்பெனிக்கு அனுப்புகிற புகார் மெயிலுக்கும் இதையே செய்யலாம். ஆங்கில மெயிலாக இருந்தால், தமிழிலேயே உங்கள் மூன்று வரியை எழுதி, இதை எளிமையான ஆங்கிலத்தில் மாற்று, புதிதாக எதையும் சேர்க்காதே என்று சொல்லுங்கள். "புதிதாக எதையும் சேர்க்காதே" என்பதை மறக்காதீர்கள், சொல்லாவிட்டால் நீங்கள் கேட்காத மன்னிப்பையும் கொடுக்காத வாக்குறுதியையும் அதுவே சேர்த்துவிடும்.

2025-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்களும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, வேலையில் ஏஐ பயன்படுத்துகிற 319 பேரிடம் விசாரித்தார்கள். ஏஐமீது நம்பிக்கை அதிகமாக இருந்தவர்கள் தாங்கள் குறைவாகவே யோசித்ததாகச் சொன்னார்கள், தன் திறமைமீது நம்பிக்கை இருந்தவர்கள் அதிகமாக யோசித்துச் சரிபார்த்ததாகச் சொன்னார்கள். அவரவர் வாயால் சொன்னதுதான், அளந்து பார்த்த கணக்கு இல்லை. ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கிற "ரெண்டு வரி எழுத முடியலை" என்பதோடு இது அப்படியே பொருந்துகிறது. உங்களுக்கு எழுதத் தெரியாமல் போகவில்லை. எழுதினால் தப்பாகிவிடுமோ என்ற பயம் வந்திருக்கிறது, தினமும் அதன் வழவழப்பான எழுத்தையே பார்த்துப் பார்த்து உங்களுடையது உங்களுக்கே மட்டமாகத் தெரிகிறது. அதற்கு மருந்து ஒன்றுதான், உங்கள் எழுத்து அப்படியே போய்ச் சேர்ந்து வேலை நடப்பதைத் தினமும் ஒன்றிரண்டு முறையாவது பார்ப்பது.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளரின் ஆதார், பான், வங்கிக் கணக்கு, கடையின் முழு லெட்ஜர் இவற்றை ஏஐக்குள் ஒட்டாதீர்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த விவரங்களைக் காக்கிற பொறுப்பு வாங்கி வைத்திருக்கிற நிறுவனத்துடையது. பெயருக்குப் பதில் "கடைக்காரர் அ" என்று போட்டாலே வேலை நடக்கும். செட்டிங்ஸில் போய், உங்கள் உரையாடலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதையும் நிறுத்தி வையுங்கள்.

படிப்பு. இதில் நீங்கள் செய்வது, நீங்கள் சொன்னபடி, பாடத்தைக் கொடுத்துச் சுருக்கம் வாங்கிப் படிப்பது. படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், அடுத்த வாரம் ஒன்றும் நிற்காது. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் இதைத்தான் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து வைத்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். குரூப் 4-ல் 200 கேள்வி, அதில் 100 தமிழ். அங்கே சுருக்கம் எழுதச் சொல்ல மாட்டார்கள், நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்.

ஆகவே ஏஐயைக் கேள்வி கேட்கிற ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பாடநூலில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கொடுத்து, "இந்தப் பக்கத்தில் இருப்பதை மட்டும் வைத்துப் பத்துக் கேள்வி கேள், ஒவ்வொன்றாகக் கேள், நான் பதில் சொல்லும்வரை விடையைச் சொல்லாதே, தவறினால் எந்த வரியில் விடை இருக்கிறது என்று காட்டு" என்று சொல்லுங்கள். பதிலை முதலில் நோட்டில் பேனாவால் எழுதுங்கள். தவறியவற்றுக்கு ஒரு தனிப் பக்கம், அதை ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்கச் சொல்லுங்கள். பாடநூல் இல்லாமல் பொதுவாகக் கேட்காதீர்கள், குறிப்பாக இலக்கியத்தில் எந்த நூல் யார் எழுதியது, எந்த அடி எங்கே வருகிறது என்பதில் அது நிறையக் கற்பனை செய்கிறது. ஆண்டு, பெயர், எண் எது வந்தாலும் புத்தகத்தில் பார்த்த பிறகே மனசில் ஏற்றுங்கள்.

அப்புறம் ராத்திரி. உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது இந்தப் பகுதிதான்.

மனிதன் இயந்திரத்திடம் மனசைத் திறப்பது புதிதில்லை. 1966-ல் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்று ஒரு சின்ன நிரல் எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதை அவர் உருவாக்கியதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு கொஞ்ச நேரம் பேசியதும், நீங்கள் அறையை விட்டு வெளியே போங்கள் என்று அவரிடம் சொன்னாராம். கேட்க ஓர் ஆள் வேண்டும் என்ற தவிப்பு அவ்வளவு பெரியது. ஆகவே நீங்கள் கொட்டியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இன்றைய ஏஐ எலிசாவைவிடப் பல மடங்கு இனிமையாகப் பேசும், எப்போது கூப்பிட்டாலும் வரும், அலுத்துக்கொள்ளாது, உங்கள் கவலைக்கு மேலும் மேலும் பேச்சு வளர்த்துக்கொண்டே போகும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதுதான் கெடுதல். கவலையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றரை மணி வரை அதே கவலையைப் பல வார்த்தையில் சொல்லிப் பார்த்திருப்பீர்கள்.

இதற்குக் காகிதம் போதும். 1960-களில் ஏரன் பெக் என்ற மனநல மருத்துவர் தொடங்கிவைத்த சிகிச்சை முறை ஒன்று உண்டு, எண்ணத்தை எழுதி, அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் அடிப்படை. நான் மருத்துவர் இல்லை, ஆனால் இந்த அளவுக்கு யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம். நீங்கள் எழுதியிருந்த சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். காலையில் முதலாளிக்கு வணக்கம் சொன்னீர்கள், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ராத்திரிக்குள் அது "வேலை போகப்போகிறது" என்று ஆகிவிட்டது. நோட்டில் எழுதுங்கள்.

நடந்தது: வணக்கம் சொன்னேன், பதில் வரவில்லை. 
நான் நினைத்தது: என்மேல் கோபம், அனுப்பிவிடுவார். 
வேறென்ன காரணம் இருக்கலாம்: போனில் பேசிக்கொண்டிருந்தார், முந்தின நாள் லாரி வரவில்லை, கேட்கவே இல்லை. 
நாளைக்குச் செய்வது: பத்து மணிக்கு வசூல் பட்டியலைக் கொண்டுபோய் நேரில் கொடுப்பேன், அப்போது முகம் தெரிந்துவிடும்.

நான்காவது வரிதான் முக்கியம். மனசு சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம் அடுத்து என்ன செய்வது என்று தெரியாததுதான், நாளைக்கு ஒரு நேரமும் ஒரு காரியமும் எழுதி வைத்துவிட்டால் அது கொஞ்சம் அடங்கும். ஏஐயைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் மறுநாள் பகலில் சேர்த்துக்கொள்ளுங்கள், எழுதியதைக் கொடுத்து, "எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம், மூன்றாவது வரியில் நான் விட்ட காரணம் ஏதாவது இருக்கிறதா சொல்" என்று கேளுங்கள். ராத்திரியில் போன் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும். அலாரத்துக்கு ஒரு சின்னக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் இன்னும் உறுதியாகச் சொல்ல விரும்புவது, வாரத்தில் ஒருமுறையாவது ஒரு மனிதரிடம் பேசுங்கள். உங்கள் கூடப் படித்தவர், அண்ணன், பஸ்ஸில் தினமும் பக்கத்தில் உட்காருகிறவர், யாராக இருந்தாலும் சரி. மனிதர் குறுக்கே பேசுவார், "டேய், போன வருஷமும் இதைத்தான் சொன்னே, அப்போ என்ன ஆச்சு?" என்று கேட்பார். ஏஐ அதைக் கேட்காது. உங்கள் போன வருஷத்தை அது பார்க்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் புதுச்சேரி பீச் ரோட்டில் வண்டி விட மாட்டார்கள், வேலை முடிந்து ஒரு நாள் அங்கே இரண்டு நடை நடந்துகொண்டே பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நம் சில்வர் பீச் இருக்கிறது.

தூக்கமின்மையும் மனச் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இருந்தால், சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால், இந்தப் பதிலில் இருக்கிற எதையும் நம்பி உட்கார வேண்டாம். 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நேரில் போக வேண்டுமானால் நீங்கள் தினமும் போகிற புதுச்சேரியிலேயே ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும், அதை ஏஐயிடம் தட்டச்சு செய்துகொண்டிருக்காமல், வீட்டில் யாரையாவது எழுப்பிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த எண்ணுக்குப் பேசுங்கள்.

பழக்கங்கள் நிற்கவில்லை என்றீர்கள். ஒரே நாளில் நான்கைந்தை ஆரம்பித்தால் யாருக்கும் நிற்காது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று வீடியோக்களில் சொல்வதையும் நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்துப் பார்த்ததில், ஒரு செயல் தானாக வரத் தொடங்க நடுவாந்திரமாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை என்பது. நீங்கள் மூன்றாம் நாள் விட்டதும், "நம்மால் ஆகாது" என்று மொத்தத்தையும் விட்டிருக்கிறீர்கள். நான்காம் நாள் தொடர்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

ஐந்து மணிக்கு எழுவது உங்களுக்கு வேண்டாம். பதினொன்றரை வரை படிக்கிற ஆள் ஐந்து மணிக்கு எழுந்தால் தூக்கம்தான் கெடும், தூக்கம் கெட்டால் படித்ததும் நிற்காது, மனசும் நிற்காது. "என்னால் முடியும்" என்று கண்ணாடி முன்னால் சொல்வதிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, நேற்று பத்துக்கு ஏழு விடை சரியாக எழுதின நோட்டைத் திறந்து பார்த்தால் அந்த நம்பிக்கை சொல்லாமலே வரும். புதுப் பழக்கத்தை ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு கட்டுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியதும் இதுதான், "படிக்கணும்" என்று பொதுவாக நினைப்பதைவிட "இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று முடிவு செய்தவர்கள் அதிகம் செய்து முடித்தார்கள். உங்களுக்குத் தினமும் தவறாமல் நடப்பது பஸ் பயணம். ஆல்பேட்டையில் பெண்ணையாற்றுப் பாலம் ஏறினதும் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள், தவளக்குப்பம் வரும்வரை எடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் நேற்றுத் தவறிய கேள்விகளை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள், அல்லது சும்மா ஜன்னல் பக்கம் பாருங்கள், இரண்டும் நல்லதே. தவளக்குப்பம் தாண்டினதும் அன்றைக்கு அனுப்ப வேண்டிய மெசேஜ்களில் ஒன்றை நீங்களே எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் போதும், இது தானாக வரும்வரை இரண்டாவதைத் தொடாதீர்கள்.

நம் பக்கத்துக்கு மட்டும் பொருந்துகிற ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மழைக்காலத்தில் ஏஐயிடம் புயல் நிலவரம் கேட்கிறவர்களைப் பார்க்கிறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, ஒரே நாளில் புதுச்சேரியில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. மழை விட்டது என்று நிம்மதியாக இருந்தபோது, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கம் ஊருக்குள் புகுந்தது. அந்த மாதிரி நேரத்தில் மணிக்கு மணி நிலவரம் மாறும், மூன்று மணி நேரம் பழைய செய்தியே ஆபத்து. வானிலைக்குச் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு, உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. ஏஐயை மழைக்கு முந்தின வாரம் பயன்படுத்துங்கள், வீட்டில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும், எந்தச் சான்றிதழை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று பட்டியல் போட அது நன்றாகவே உதவும். மருந்துக்கும் கிட்டத்தட்ட இதேதான், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தயார் செய்ய அதைக் கேளுங்கள், மாத்திரையின் அளவை டாக்டர் சொல்லட்டும். அவசரமாகப் பணம் வேண்டும் என்று சொந்தக்காரர் குரலிலேயே போன் வந்தால், இப்போது குரலையும் ஏஐயால் செய்ய முடியும், துண்டித்துவிட்டு அவருடைய பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, காசு கட்டி வாங்கலாமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். கணக்கு, மெசேஜ், பாடநூல் கேள்விகள், இதற்கெல்லாம் இலவசமாகக் கிடைப்பதே போதும், நாள் அளவு தீர்ந்துபோனால் அன்றைக்கு மூடி வைக்க ஒரு காரணமும் கிடைக்கிறது. மாதாமாதம் அதற்குக் கட்ட நினைத்த பணத்தில் ஒரு நல்ல மாதிரித் தேர்வுக்குச் சேருங்கள், மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஓஎம்ஆர் தாளில் பேனாவால் வட்டம் நிரப்பிப் பழகுவதை எந்த ஏஐயும் உங்களுக்காகச் செய்ய முடியாது. ஒரு மாதம் பஸ் பழக்கத்தையும் ராத்திரி நோட்டையும் நடத்திப் பாருங்கள், எந்த இடத்தில் தடுக்குகிறது என்று எழுதுங்கள், அதை வைத்து மேலே பேசலாம்.